மலைப்பாதைக்கு ஏற்ற சக்கரம்



கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை நோக்கிப் புகைவண்டியில் பயணஞ் செய்தவர்களுக்கு றொசல்ல என்னும் சிறிய நிலையம் நினைவில் இருக்கும். வட்டவளையைக் கடந்து, ஹட்டனை அடைவதற்குச் சற்று முன்னே, தேயிலை மலைகளுக்கிடையில் அந்த நிலையம் அமைந்திருக்கிறது. மூடுபனி இறங்கிவிட்டால் நிலையத்தின் பெயர்ப்பலகைகூடக் கண்ணுக்குப் புலனாகாது. மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து மலைகள் நாட்கணக்காக நனைந்துகொண்டே இருக்கும். வட்டவளைப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. கொழும்பில் பெய்வதைப் போல ஏறக்குறைய இருமடங்கு இது.

இந்த மலைச்சரிவிலே இரண்டு பாதைகள் ஏறுகின்றன. ஒன்று இருப்புப்பாதை. அது நாவலப்பிட்டிக்கு 1874இலும், ஹட்டனுக்கு 1884இலும் வந்து சேர்ந்தது. மற்றொன்று அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, வட்டவளை, றொசல்ல, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ7 நெடுஞ்சாலை. இருப்புப்பாதையை அமைத்த பொறியியலாளர், 44 அடி முன்னேறினால் 1 அடி உயரலாம், அதற்குமேல் ஏற்றம் கூடாது என்று வரையறுத்துக்கொண்டனர். காரணம் யாதெனில், உருக்குத் தண்டவாளத்தில் உருக்குச் சக்கரத்துக்குப் பிடிப்பு மிகக் குறைவு. ஆகவே மலையைக் குடைந்தும், வளைத்தும், சுற்றியும் சக்கரத்துக்கு இசைந்த பாதையை அவர்கள் அமைத்தார்கள்.

மோட்டார்ப் பாதையின் கதை வேறு. தோட்டத்துப் பாதைகளில் 10 அடிக்கு 1 அடி ஏற்றம் என்பது அரிதன்று. முடக்குக்கு முடக்கு சரிவு மாறும். ஓரிடத்தில் தார், ஓரிடத்தில் கொங்கிறீட், ஓரிடத்தில் வெறுங் கருங்கல். புகைவண்டிக்குச் சக்கரத்தை நோக்கிப் பாதை அமைத்தார்கள். மோட்டார் வண்டிக்கோ பாதையை நோக்கிச் சக்கரத்தை நாம் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தேட்டத்தைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

றொசல்லையில் ஓர் இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாயும் தந்தையும் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணம், சகோதரி அனுப்பிய பணம், மாதத் தவணைக் கடன் ஆகிய மூன்றையும் கூட்டி ஒரு பழைய வான் வாங்குகிறார். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பகலில் ஹட்டன் சந்தைக்குச் செல்பவர்கள், விடுமுறை நாளில் கோயில் யாத்திரை. இதுதான் பிழைப்பு. வண்டியை அழகுபடுத்த வேண்டுமென்ற ஆசை அவருக்கு இயற்கையாகவே எழுகிறது. நகரத்துக் கடையிலே பளபளக்கும் அலோய் வீல்களும், அகலமான டயர்களும் அடுக்கியிருக்கின்றன. “இது பெர்போமன்ஸ் டயர், தம்பி! இதைப் போட்டால் வண்டி ரோட்டிலே ஒட்டிக்கொண்டு போகும்” என்கிறார் கடைக்காரர். அந்த இளைஞர் என்ன செய்ய வேண்டும்? வாங்கலாமா? வாங்கலாமென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் டயர் என்பது யாது என்று பார்ப்போம். சக்கரத்தைச் சுற்றி அடைக்கப்பட்ட காற்றே வண்டியின் பாரத்தைச் சுமக்கிறது. இந்த யோசனையை 1845இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ரொபர்ட் வில்லியம் தொம்சன் பதிவு செய்தார். ஆனால் அது மறக்கப்பட்டுவிட்டது. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லப் அதனைப் புதிதாகக் கண்டார். அதன் பின்னரே காற்று டயர் உலகெங்கும் பரவியது. 1946இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்கு உரிமை பெற்றது. இன்று கார்களில் ஓடுவது பெரும்பாலும் அந்த வகையே.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பிரேசிலிலிருந்து 1876இல் இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு வரப்பட்ட றப்பர் விதைகளின் நாற்றுகள், அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. மலையிலே தேயிலை, மலையடிவாரத்திலே றப்பர் என்று நம் தோட்டங்கள் வளர்ந்தன. 1960களில் களனியில் சோவியத் நாட்டின் உதவியோடு டயர்த் தொழிற்சாலையும் எழுந்தது. எனவே டயரைப் பற்றிய அறிவு நமக்கு அந்நியமாயிருக்க வேண்டியதில்லை.

இனி, ஒரு டயர் தரையை எவ்வளவு தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரில் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 300 கிலோவைத் தாங்குகிறது. டயரில் 30 இறாத்தல் காற்று இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 140 சதுர சென்ரிமீற்றர். அதாவது, விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு கையின் அளவு. நான்கு கையளவு றப்பரை நம்பியே ஒரு குடும்பம் மலையிலிருந்து இறங்குகிறது.

இங்கே பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அகலமான டயரைப் பூட்டினால் தரையைத் தொடும் பரப்பு மிகுதியாகப் பெருகிவிடும் என்று நினைக்கிறோம். பாரமும் காற்றின் அமுக்கமும் மாறாதவரை, அந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அதன் வடிவமே மாறுகிறது. முன்பு நீளவாட்டில் இருந்தது இப்போது அகலவாட்டில் இருக்கும். காய்ந்த பாதையில் வேகமாக முடக்குத் திரும்பும்போது அந்த அகலம் வண்டியை உறுதியாகப் பிடிக்கிறது. ஆனால் நீர் ஓடும் பாதையில், அகலமான டயர் அதிகமான நீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ள முடியாதபோது, டயருக்கும் தரைக்கும் நடுவே நீர் புகுந்து, வண்டி ஓடம்போல் மிதக்கத் தொடங்கும். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பயனில்லை, பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை.

அந்த நீருக்கு வடிகாலாக அமைந்தவையே டயரின் மேலுள்ள பள்ளங்கள். புதிய கார் டயரில் அவை சுமார் 8 மில்லிமீற்றர் ஆழமிருக்கும். பள்ளங்களுக்கிடையே சிறு குறுக்குக் கட்டைகள் தெரியும். தேய்மானம் அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீற்றரே மிஞ்சியிருக்கிறது என்று பொருள். பல நாடுகளில் சட்டம் வகுத்த கடைசி எல்லை அது. மழை மலையில் வாழும் நாம் அந்த எல்லைவரை காத்திருத்தல் தகாது. 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனவுடன் மாற்றிவிடுவதே அறிவுடைமை. அளப்பதற்குக் கருவி வேண்டாம். ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் ஊன்றி, நகத்தால் அடையாளமிட்டு, பிள்ளையின் அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அகல உழுவதினும் ஆழ உழு என்று நம் முன்னோர் வயலுக்குச் சொன்னது, மழைநாட்டு டயருக்கும் பொருந்துகிறது.

இதன் பலனை ஒரு கணக்கால் விளக்குகிறேன். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒன்று. காய்ந்த சமதரையில் நல்ல டயரின் பிடிப்பு, வண்டியின் எடையில் பத்தில் ஏழு பங்கு என்று கொண்டால், பிரேக் பிடித்தபின் 9 மீற்றரில் வண்டி நிற்கும். ஈரத்தில் அதே டயரின் பிடிப்பு பத்தில் ஐந்து பங்காகக் குறைகிறது என்று கொள்வோம். பத்துக்கு ஒன்று இறக்கமான பாதை அதிலிருந்து மேலும் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. இப்போது வண்டி நிற்க சுமார் 16 மீற்றர் வேண்டும். தேய்ந்து வழுக்கையான டயரானால், ஈரத்தில் பிடிப்பு பத்தில் மூன்று பங்குதான் என்று கொள்வோம். இறக்கம் ஒரு பங்கைத் தின்றபின் எஞ்சுவது இரண்டே பங்கு. வண்டி நிற்க 31 மீற்றருக்கு மேல் வேண்டும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலைத் தூக்கி வைப்பதற்குள் வண்டி ஓடிவிடும் 11 மீற்றரை இதில் நான் சேர்க்கவில்லை. அந்த 16 மீற்றருக்கும் 31 மீற்றருக்கும் நடுவில்தான் முடக்கு இருக்கிறது. முடக்கில்தான் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள்.

ஆகவே நமது இளைஞர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இந்த டயர் எவ்வளவு வேகம் தாங்கும் என்பதன்று. ஈரத்தில் எவ்வளவு பிடிக்கும் என்பதே. ஐரோப்பாவில் 2012 முதல் விற்பனையாகும் டயர்களில் ஒரு முத்திரைத் தாள் ஒட்டப்படுகிறது. எரிபொருள் செலவு, ஈரத்தில் பிடிப்பு, ஓசை ஆகிய மூன்றையும் அது தெரிவிக்கும். ஈரப் பிடிப்புக்கு ஏ என்ற எழுத்து மிகச் சிறந்த தரம். அமெரிக்க முறையில் டயரின் பக்கச் சுவரிலேயே, ஈரத்தில் பிடிப்பதற்கான தரம் ஏஏ, ஏ, பி, சி என்று இறங்கு வரிசையில் பொறிக்கப்பட்டிருக்கும். அதனருகே தேய்மானத்துக்கு ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் பெரிதாயின் டயர் நெடுநாள் உழைக்கும் என்பது பொருள். நெடுநாள் உழைக்கும் றப்பர் பெரும்பாலும் கடினமான றப்பர். நன்றாகப் பிடிக்கும் றப்பர் பெரும்பாலும் மென்மையானது. இரண்டையும் எடைபோட்டே தெரிவு செய்ய வேண்டும்.

டயரின் பக்கச் சுவரை ஒரு ஏடு போலப் படிக்கலாம். 185/65 ஆர் 15 88 எச் என்று எழுதியிருந்தால், 185 என்பது அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. ஆர் என்பது ரேடியல். 15 என்பது அது பொருந்தும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது பாரக் குறியீடு. அதன் பொருள் 560 கிலோ. எச் என்பது வேகக் குறியீடு. மணிக்கு 210 கிலோமீற்றர்வரை தாங்கும் என்பது. வேகத்தைக் குறிக்கும் அந்த எழுத்தைத்தான் இளைஞர்கள் முதலில் பார்க்கிறார்கள். நமது மலைப்பாதையில் 40, 50 கிலோமீற்றருக்கு மேல் ஓட இடமேது? அவர்கள் பார்க்கத் தவறுவது அதற்கு முன்னே நிற்கும் பாரக் குறியீட்டை. உயிரைக் காப்பது அந்த எண்தான்.

பயணிகளை ஏற்றும் பெரிய வான்களுக்கு 195 ஆர் 15 சி 106/104 என்பது போன்ற டயர்களை உற்பத்தியாளர் விதித்திருப்பார். சி என்ற எழுத்து, பாரம் ஏற்றும் வண்டிக்கென்று உறுதியாகக் கட்டப்பட்ட டயரைக் குறிக்கும். 106 என்றால் 950 கிலோ. நான்கு டயர்களும் சேர்ந்து 3,800 கிலோவைத் தாங்கும். அவற்றைக் கழற்றிவிட்டு, அழகுக்காகக் காருக்குரிய டயர்களை, 88 என்ற குறியீட்டோடு பூட்டினால் நான்கும் சேர்ந்து தாங்குவது 2,240 கிலோ மட்டுமே. ஆட்களும் மூட்டைகளும் ஏறிய பெரிய வானின் எடை 2,500 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அந்த டயர் முதல்நாளே வெடித்துவிடாது. ஒவ்வொரு நாளும் அளவுக்கு மீறி வளைந்து, சூடேறி, உள்ளுக்குள்ளே தளர்ந்து, எதிர்பாராத ஒருநாள் கைவிடும். வானுக்கு வான் டயர்தான். அதில் சமரசத்துக்கு இடமில்லை.

அடுத்தது டயரின் வயது. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று கொள்க. றப்பர் ஓடாமலிருந்தாலும் மூப்படையும். பள்ளம் ஆழமாயிருக்கும், றப்பரோ காய்ந்து வெடித்திருக்கும். 5 ஆண்டுகளுக்குப் பின்னர் ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்டுவதும், 10 ஆண்டுகளுக்கு மேல் எந்த டயரையும் ஓட்டாதிருப்பதும் உற்பத்தியாளர் பலர் கூறும் அறிவுரை. வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த டயரை மலிவென்று வாங்குகிறவர்கள் இந்த நான்கு இலக்கங்களையாவது படித்துவிட்டு வாங்கட்டும். ஜப்பானிலிருந்து வந்த வண்டியில் ஸ்டட்லெஸ் என்று பொறித்த டயர்கள் இருந்தால், அவை பனிக்கட்டிப் பாதைக்கென்று மென்மையாகச் செய்யப்பட்டவை. நுவரெலியாவின் குளிர் நமக்குக் கடுமையாகத் தோன்றலாம். அந்த டயருக்கு அது குளிரே அன்று. நம் மழைப்பாதையில் அவை தளர்ந்து வழுக்கும். அவற்றை மாற்றிவிடுவதே நன்று.

ரீபில்ட் டயரைப் பற்றியும் கேட்பீர்கள். நல்ல கூட்டின்மேல், தேர்ந்த தொழிற்சாலையில் புது றப்பர் ஏற்றிய டயர்கள் லொறிகளிலும் பஸ்களிலும் உலகெங்கும் ஓடுகின்றன. அவற்றை இழிவாகப் பேசுதல் தவறு. எனினும் கூட்டின் வரலாறு அறியாத ரீபில்ட் டயரை முன் சக்கரத்தில் பூட்டுதல் கூடாது.

இரண்டு டயர்களுக்கே பணமிருக்கிறது என்றால் அவற்றை எங்கே பூட்டுவது? முன் சக்கரத்துக்கு என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். டயர் உற்பத்தியாளர்களோ பின் சக்கரத்துக்கு என்கிறார்கள். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே செல்லப் பார்க்கும். ஓட்டுநர் அதை உணர்ந்து காலை எடுத்து வேகத்தைக் குறைக்கலாம். பின் சக்கரம் வழுக்கினாலோ, ஈரமான முடக்கில் வண்டி தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளும். அதைத் திருத்துவது பழகிய கைகளுக்கும் அரிது. ஓர் அச்சில் இருக்கும் இரண்டு டயர்களும் ஒரே அளவும், ஒரே வகையும், ஏறத்தாழ ஒரே தேய்மானமும் உடையனவாக இருக்கவேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

இனிச் சக்கரத்துக்கு வருவோம். அலோய் வீலில் ஆசை கொள்வது குற்றமன்று. அலுமினியக் கலவையால் ஆன நல்ல சக்கரம் எடை குறைந்தது. பிரேக்கின் சூட்டை விரைந்து வெளியேற்றும். இரண்டும் மலைப்பாதைக்கு நன்மையே. ஆனால் பெரிய குழியில் விழுந்தால் ஸ்டீல் ரிம் வளையும், தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலோய் வீல் வெடிக்கும். வெடிப்பை ஒட்டவைத்து, வெளியே சாயம் பூசி விற்பவர்களும் உண்டு. அத்தகைய சக்கரத்தை இனாமாகக் கொடுத்தாலும் ஏற்கவேண்டாம். ஜே.டபிள்யூ.எல். என்ற எழுத்துகள் ஜப்பானியத் தரத்தைக் குறிக்கும். அந்த முத்திரையையும், எவ்வளவு பாரம் தாங்கும் என்ற எண்ணையும் சக்கரத்தின் உட்புறத்தில் தேடிப் பாருங்கள்.

பெரிய ரிம் பூட்ட விரும்புவோர், டயரின் மொத்த விட்டம் மாறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு சொன்ன 185/65 ஆர் 15 டயரின் விட்டம் 621 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். 16 அங்குல ரிம்முக்கு 195/55 அளவை எடுத்தால் விட்டம் 621 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கீழ், ஏறத்தாழ ஒன்றே. 17 அங்குலத்துக்கு 205/45 அளவு 616 மில்லிமீற்றர். இதுவும் பெரிய பிழையன்று. கணக்குப்படி மூன்றும் பொருந்துகின்றன. ஆனால் பக்கச் சுவரைப் பாருங்கள். முதலாவதில் 120 மில்லிமீற்றர் உயரம், இரண்டாவதில் 107, மூன்றாவதில் 92தான். குழியில் விழும் அதிர்ச்சியைத் தாங்குவது அந்த உயரத்தில் நிற்கும் காற்று. அது குறையக் குறைய, அடி ரிம்மின் மேல் விழுகிறது. கொழும்பு நகரின் செப்பனிட்ட வீதிக்கு 17 அங்குலம் அழகு. கருங்கல் துருத்திய தோட்டப் பாதையில் ஏறி இறங்குபவர், வண்டியோடு வந்த அளவிலேயே நிற்கட்டும்; ஆசை விடாவிட்டால் ஓர் அங்குலத்தோடு நிறுத்தட்டும்.

ரிம்மின் துளைகளும் கருத்துக்குரியவை. நான்கு துளைகள் உள்ள சக்கரங்களில் 98 மில்லிமீற்றர் வட்டத்தில் துளைத்தவையும், 100 மில்லிமீற்றர் வட்டத்தில் துளைத்தவையும் உண்டு. ஒன்றை மற்றொன்றில் வருந்தித் திணித்துவிடலாம். நட்டும் இறுகியது போலத் தோன்றும். ஓடும்போது அந்த 2 மில்லிமீற்றர் வேறுபாடு போல்ட்டுகளை வளைத்துக்கொண்டே இருக்கும். நடுத்துளையும் அச்சின் தலையில் சரியாக அமரவேண்டும். நட்டின் அடிப்பக்கம் சிலவற்றில் கூம்பாகவும், சிலவற்றில் உருண்டையாகவும் இருக்கும். சக்கரத்தின் பள்ளத்துக்கு ஒத்ததையே பூட்டவேண்டும். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்தினால் பார்வைக்கு எடுப்பாயிருக்கலாம். ஆனால் பேரிங்கின் மேல் பாரம் கோணலாக விழும். முழுதாகத் திருப்பும்போது டயர் உராயும். புதிய சக்கரம் பூட்டி 100 கிலோமீற்றர் ஓடுவதற்குள் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தல் இன்றியமையாதது.

நேயர்களே, நம் மலைநாட்டிலேயே மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தினூடாக ஏறும் மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. சித்திரை வசந்த காலத்தில் அதைக் காணப் பெருந்திரளானவர்கள் கூடுவார்கள். அங்கே ஓட்டுபவர்கள் டயரைத் தெரிவு செய்யும் அக்கறையைக் கண்டு நாம் படிக்கவேண்டும். காய்ந்த நாளுக்கு ஒரு டயர், மழை நாளுக்கு வேறொரு டயர் என்று அவர்கள் மாற்றுவார்கள். ஆனால் மூன்று வேறுபாடுகளை நினைவில் வைக்கவேண்டும். அவர்களுடைய பாதை அன்று பிற வண்டிகளுக்கு மூடப்பட்டிருக்கும். அவர்களுடைய வண்டியில் பயணிகள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் ஏறுகிறார்கள். காலை எடுத்தால் வண்டியை மலையே நிறுத்திவிடும். நாம் இறங்குகிறோம். காலை எடுத்தால் நம் வண்டியை மலையே இழுத்துச் செல்லும்.

இறக்கம் என்பது என்ன என்பதை 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி நானுஓயாவுக்கு அருகில் ரதெல்ல குறுக்கு வீதியில் கண்டோம். பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று, எதிரே வந்த வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதிற்று. அந்த வானிலும் முச்சக்கர வண்டியிலுமிருந்த 7 பேர் உயிரிழந்தனர். எவர்மீதும் குற்றஞ் சாட்டுவதற்காக இதை நான் கூறவில்லை. அந்த வீதியில் இன்றும் நாம் இறங்குகிறோம். நம் பிள்ளைகள் இறங்குகிறார்கள். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. டீசலை மிச்சப்படுத்தக் கியரை எடுத்துவிட்டு இறங்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்போது வண்டியின் வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாக மாறுகிறது. அளவு மீறிய சூட்டில் பிரேக் தன் பிடியை இழக்கும். அந்தச் சூடு சக்கரத்துக்கும் டயருக்கும் செல்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த டயரும் அந்தத் தவறுக்கு மருந்தாகாது.

இறுதியாகக் காற்று. டயரின் உயிர் அதுவே. மாதத்தில் இருமுறையாவது, வண்டி ஓடத் தொடங்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்க்கவேண்டும். எவ்வளவு இறாத்தல் என்பது பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் கதவின் ஓரத்தில் எழுதியிருக்கும். ஓடிச் சூடானபின் காற்றின் அமுக்கம் உயர்வது இயல்பு. அதைக் கண்டு அஞ்சிக் காற்றை இறக்கிவிடுதல் பிழை. ஸ்பெயார் வீலையும் மறவாதீர்கள். மழை பெய்யும் இரவில், கினிகத்தேனைக்கும் வட்டவளைக்கும் நடுவே, அதில் காற்றில்லை என்பதை அறிவது நல்ல அனுபவம் அன்று.

நமது றொசல்ல இளைஞரிடம் திரும்புவோம். கையில் இருக்கும் பணத்துக்கு அலோய் வீல் நான்கும் மலிவான டயர் நான்கும் வாங்கலாம். அல்லது பழைய ஸ்டீல் ரிம்மிலேயே முதற்தரமான வான் டயர் நான்கு பூட்டலாம். முதலாவதை ஊர் பார்க்கும். இரண்டாவதை எவரும் பாரார். ஆயினும் ஆடி மாதத்து மழையில், மூடுபனிக்குள்ளிருந்து திடீரென்று ஒரு மாடோ, ஒரு முச்சக்கர வண்டியோ, புத்தகப் பையைத் தலைமேற் பிடித்த ஒரு குழந்தையோ எதிர்ப்படும்போது, அந்த நான்கு கையளவு றப்பர் மட்டுமே அவருக்குத் துணை நிற்கும். சக்கரத்தின் அழகை அடுத்த ஆண்டு வாங்கலாம். வண்டியும் ஓட்டுநரும் அதுவரை நலமாயிருந்தால்.

இன்று மாலை உங்கள் வண்டியருகே ஒருமுறை குனிந்து பாருங்கள். பள்ளத்தின் ஆழம், பாரக் குறியீடு, பிறந்த ஆண்டு ஆகிய மூன்றையும் படித்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டி இல்லாதவர்கள், தங்கள் பிள்ளையை ஏற்றிச் செல்லும் வானின் டயரைப் பாருங்கள். குறை கண்டால் ஓட்டுநரிடம் அன்போடு சொல்லுங்கள். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.